குழந்தைக்கு டாய்லெட் பழக்குவது எப்படி? வயிற்றிலிருந்து தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

எங்கள் சின்னவனுக்கு அப்போது இரண்டரை வயது. சாயங்காலம் விளையாடிக்கொண்டே இருப்பவன் திடீரென்று பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொள்வான். முகம் சிவந்துவிடும். கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, விரல் நுனியில் எம்பி எம்பி நிற்பான். “முக்குறான், ஆய் வருது, தூக்கிட்டு ஓடு” என்று வீடே பரபரக்கும். டாய்லெட்டில் உட்கார வைத்தால் ஒன்றும் வராது. அழுகைதான். இறக்கிவிட்ட பத்து நிமிடத்தில் ஜட்டியில் சின்னதாக ஒரு கறை இருக்கும்.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அப்புறம்தான் குழந்தை மருத்துவர் ஒருவர் எங்களுக்குப் புரியவைத்தார். அவன் முக்கவே இல்லை. அடக்கிக்கொண்டிருந்தான். என்றோ ஒரு நாள் கெட்டியாகப் போய் வலித்திருக்கிறது. அந்த வலி மறுபடி வந்துவிடக் கூடாதே என்று முழு பலத்தையும் போட்டுப் பிடித்து வைத்திருந்தான். நாங்களோ அவனைப் பிடிவாதக்காரன் என்று நினைத்து, நேரத்துக்கு நேரம் உட்கார வைத்து அழவிட்டிருந்தோம். அதை இன்று நினைத்தாலும் மனது கஷ்டப்படுகிறது.

அதனால்தான் இந்த வழிகாட்டியை டாய்லெட் சீட்டிலிருந்து தொடங்காமல் வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். டாய்லெட் பழக்கம் தடுமாறுகிற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது மலச்சிக்கல் இருக்கிறதா என்பதை. அதைச் சரிசெய்யாமல் என்ன பரிசு கொடுத்தாலும், எந்த அட்டவணை போட்டாலும் எடுபடாது.

எந்த வயதில் தொடங்கலாம்?

“எங்க வீட்டுல எல்லாம் ஒரு வயசுலயே சொல்லிடும்” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். பெரும்பாலான குழந்தைகள் 18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தயாராகிறார்கள். பையன்கள் சில மாதம் பிந்துவது சகஜம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 1962-இல் எழுதிய கட்டுரையில், பகல் நேரப் பழக்கம் அமைந்த சராசரி வயது 28.5 மாதம், அதாவது இரண்டு வயதும் நான்கு மாதமும் தாண்டி. குழந்தை தயாரான பிறகு தொடங்குங்கள் என்று இன்று மருத்துவர்கள் சொல்வது பெரும்பாலும் அவர் காட்டிய வழிதான்.

நம் வீடுகளில் வேறொரு வழி இருந்தது. பாட்டி தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டி, கணுக்கால்களின் மேல் கைக்குழந்தையை உட்கார வைத்து “ஸ்ஸ்ஸ்” என்று சத்தம் கொடுப்பார். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் இதைச் செய்தால் பல நாள் குழந்தை போய்விடும். இது மூடநம்பிக்கை இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்கள் பிறந்த சில வாரங்களிலேயே இப்படித் தொடங்குவதையும், ஐந்தாறு மாதத்தில் குழந்தை குறிப்பறிந்து போவதையும் 1977-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. பாட்டி முறையில் நேரம் பார்ப்பது, தூக்குவது, உட்கார வைப்பது எல்லாம் பெரியவர் வேலை. தனக்கு வருகிறது என்று தானே உணர்ந்து, சொல்லி, ஜட்டியை இறக்கி, உட்காருவது குழந்தையின் வேலை. அதற்கு நரம்பும் தசையும் பேச்சும் வளர வேண்டும். மாமியாரோ அம்மாவோ அந்த முறையில் பழக்கி வந்தால் தாராளமாகத் தொடரலாம். அதோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

தயாராகிவிட்டது என்பதைக் குழந்தையே காட்டும். பகலில் இரண்டு மணி நேரமாவது டயாப்பர் காய்ந்திருக்கும். ஆய் போகும்போது திரைச்சீலைக்குப் பின்னாலோ கட்டிலுக்கு ஓரமாகவோ ஒதுங்கும். போய்விட்டு வந்து டயாப்பரைத் தொட்டுக் காட்டும். “செருப்ப எடுத்து அங்க வை” என்றால் புரிந்து செய்யும். ஜட்டியைக் கீழே இறக்கத் தெரியும். நீங்கள் பாத்ரூம் போனால் பின்னாலேயே வந்து வேடிக்கை பார்க்கும். இதில் நான்கைந்து தெரிந்தால் போதும்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்கினால் ஜட்டி காயாமல் நீங்கள் அலுத்துப்போவீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தொடங்குவது நல்லது. ஒரு நாளைக்கு எட்டு ஜட்டி துவைத்தாலும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். வீடு மாறுகிற மாதம், தம்பி தங்கை பிறக்கிற மாதம், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தேறுகிற வாரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் படி: மலம் இளகட்டும்

டயாப்பரைக் கழற்றுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே இதை ஆரம்பியுங்கள். ஒரு வாரம் டயாப்பரைப் பார்த்துக் குறித்து வையுங்கள். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் போல வழவழப்பாக, சுலபமாக வந்தால் நல்லது. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாகவோ, வெடிப்பு விட்டுத் தடித்தோ வந்தால் மலச்சிக்கல். வாரத்துக்கு இரண்டு தடவையோ அதற்குக் குறைவாகவோ போனாலும் மலச்சிக்கல்தான். தினமும் போகிற குழந்தைக்கும் இருக்கலாம், ஏனென்றால் முழுவதும் வெளியேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

உள்ளே நடப்பது இதுதான். அடக்க அடக்க மலம் பெருங்குடலிலேயே தங்கி, அதிலிருக்கிற நீர் உறிஞ்சப்பட்டு மேலும் கெட்டியாகிறது. மலக்குடல் விரிந்துபோகிறது. விரிந்த குடலுக்கு ‘நிறைந்துவிட்டது’ என்கிற உணர்வே மழுங்கிவிடும். கெட்டிப்பட்ட கட்டியைச் சுற்றி இளகலான மலம் கசிந்து ஜட்டியில் படும். எங்கள் பையனின் கறை அதுதான். இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுக்கிறவர்களும் உண்டு, பிரச்சினை இன்னும் மோசமாகும். நிறைந்த மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையையும் அழுத்தும். உச்சா அடிக்கடி வருவதற்கும், சொல்வதற்குள் ஜட்டியில் போய்விடுவதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

பாலைக் கொஞ்சம் பாருங்கள். “சாப்பாடே இறங்கல, பால்தான் குடிக்குது” என்று ஒரு நாளைக்கு நான்கைந்து பாட்டில் கொடுக்கிற வீடுகள் நிறைய. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாளைக்கு அரை லிட்டருக்குள் பால் போதும். அதற்கு மேல் போனால் பசி அடங்கிவிடும், நார்ச்சத்துள்ள சாப்பாடு உள்ளே போகாது. பாலைக் குறைத்த இடத்தில் கொய்யா, பப்பாளி, கனிந்த வாழைப்பழம், கீரை மசியல், முளைகட்டி வேகவைத்த பயறு, கம்பங்கூழ் இவற்றைக் கொண்டுவரலாம். உலர் திராட்சையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் மசித்துக் கொடுங்கள், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். தண்ணீரும் அடிக்கடி.

வீட்டில் வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைக்கலாம் என்பார்கள், சோப்புத் துண்டைச் சீவி வைக்கலாம் என்பார்கள், விளக்கெண்ணெய் கொடுக்கலாம் என்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே அந்த இடத்தில் வலித்துப் பயந்திருக்கிற குழந்தைக்கு அதே இடத்தில் எதையாவது வைப்பது பயத்தை இரட்டிப்பாக்கும். சோப்பு எரியும். விளக்கெண்ணெய் வயிற்றைப் பிடித்து இழுத்து வலியோடு தள்ளும். மூன்றுமே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

உணவை மாற்றி இரண்டு வாரம் ஆகியும் கெட்டியாகவே போனால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைகால் போன்ற இளக்கும் மருந்துகளை எழுதித் தருவார். அளவை அவர்தான் சொல்ல வேண்டும். பெற்றோர் இங்கே செய்கிற தவறு, நான்கு நாள் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுவது. விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. முதல் மூன்று வாரத்திலேயே பீரோ ஓரத்தில் ஒளிவது நின்றுவிட்டது.

வாங்க வேண்டியவை

அதிகம் ஒன்றும் இல்லை. ‘பாட்டி சேர்’ (potty chair) என்று கடையில் கிடைக்கிற குட்டி நாற்காலி, இல்லாவிட்டால் வெஸ்டர்ன் டாய்லெட் மேல் வைக்கிற சின்ன சீட். சீட் வாங்கினால் கூடவே ஒரு முக்காலி கட்டாயம். கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தையால் தள்ள முடியாது. பாதம் பதிந்து, முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். குத்தவைத்து உட்காரும்போது மலக்குடலைப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகிறது. அந்த வகையில் நம் இந்தியன் டாய்லெட் அருமையானது. ஆனால் அந்தக் குழி இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரிது, விழுந்துவிடுவோம் என்ற பயம் வரும். முதலில் பக்கத்துத் தரையில் குட்டி நாற்காலியை வைத்துப் பழக்கி, மூன்று வயதையொட்டி நீங்கள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு மேலே உட்கார வைக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு பருத்தி ஜட்டி. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த டவுசர், பாவாடை. பட்டன், ஜிப், பெல்ட் எதுவும் வேண்டாம். மெத்தைக்கு ரப்பர் ஷீட்.

அப்புறம் பாத்ரூம். அங்கே தண்ணீர் நிறைந்த பக்கெட் இருக்கக் கூடாது. சில அங்குலத் தண்ணீரிலேயே தலைகுப்புற விழுந்து உயிர் போன குழந்தைகள் உண்டு. ஆசிட், பினாயில் பாட்டில்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பழகும் காலத்தில் குழந்தை தானே பாத்ரூமுக்கு ஓடும். அதனால்தான் இதைத் தொடங்குவதற்கு முன்பே செய்யச் சொல்கிறேன்.

ஒரே சொல்

உச்சா, மூச்சா, ஒன்னுக்கு. ஆய், கக்கா, ரெண்டுக்கு. உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அம்மா ஒன்று, தாத்தா ஒன்று, பள்ளியில் ஒன்று என்று வேண்டாம். “சீ”, “நாத்தம்”, “அசிங்கம்” என்று குழந்தையின் மலத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது தன் உடம்பிலிருந்து வந்த தன் பொருள். அசிங்கம் என்றால் ஒளித்துவைக்கத்தான் பார்க்கும்.

இரண்டாம் படி: டயாப்பரோடு ஒரு வாரம்

குட்டி நாற்காலியை நீங்கள் இருக்கும் இடத்திலேயே போடுங்கள். உடுப்போடு உட்காரட்டும். பொம்மையை உட்கார வைத்து “ஸ்ஸ்” சொல்லட்டும். டயாப்பரில் போன ஆயைக் குழந்தை பார்க்கும்படி டாய்லெட்டில் கொட்டி, “ஆய் இங்கதான் போகும்” என்று காட்டுங்கள். ஃப்ளஷ் சத்தத்துக்குப் பல குழந்தைகள் பயப்படும். அப்படியென்றால் குழந்தை வெளியே போன பிறகு நீங்கள் இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மக் தண்ணீரைக் குழந்தையே ஊற்றட்டும்.

டயாப்பர் மாற்றுவதை இனி படுக்கையில் செய்யாமல் பாத்ரூமில், நிற்க வைத்துச் செய்யுங்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் இந்த வேலைக்கு உரிய இடம் இது என்று உடம்பு பழகிக்கொள்ளும்.

மூன்றாம் படி: கழற்றும் நாள்

மூன்று நாள் வீட்டிலேயே இருக்க முடிகிற மாதிரி ஒரு விடுமுறையைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் டயாப்பரைக் கழற்றி ஜட்டி போடுங்கள். வெறுமனே விட்டாலும் சரி. டயாப்பருக்குள் இருக்கிற உறிஞ்சும் பொருள் ஈரத்தை ஜெல்லியாக்கிவிடுவதால், போனோம் என்பதே குழந்தைக்குத் தெரிவதில்லை. தொடை வழியாக உச்சா வழிந்து காலடியில் தேங்குவதைப் பார்க்கும்போதுதான் ‘ஓ, இது நான் செய்தது’ என்று புரிகிறது. எங்கள் மூத்தவள் முதல் நாள் அப்படியே உறைந்து நின்று, குனிந்து தரையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பழக்கம் அந்த இடத்தில்தான் பிறந்தது.

நேரம் இப்படி வைத்துக்கொள்ளலாம்: எழுந்ததும் ஒரு தடவை, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு, தூங்கப் போகும் முன், தூங்கி எழுந்ததும். நடுவில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்களிடம் ஓர் எளிய கணக்கு இருக்கிறது: வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டர் வரும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 90 மி.லி. ஒரு சின்ன டம்ளர் காபி அளவுதான். அதனால் அரை லிட்டர் ஜூஸ் குடிக்க வைத்துவிட்டு நான்கு மணி நேரம் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை “உச்சா வருதா? உச்சா வருதா?” என்று கேட்டால் குழந்தை எதற்கும் “இல்ல” என்றே சொல்லும். கேள்வியாகக் கேட்காமல் “வா, உச்சா போயிட்டு வந்து பொம்மை விளையாடலாம்” என்று கூட்டிப்போவது பலன் தரும்.

உட்கார வைப்பது மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். வரவில்லையா, “சரி, அப்புறம் பார்க்கலாம்” என்று எழுப்பிவிடுங்கள். கையில் போனைக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைக்காதீர்கள், உடம்பு சொல்வதைக் கவனிக்கத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆய்க்கு நல்ல நேரம் காலை உணவு முடிந்த 15 நிமிடத்திலிருந்து அரை மணிக்குள். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசையும். கால் முக்காலியில், முதுகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, வாயால் பலூன் ஊதுகிற மாதிரி ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது வயிறு இறுகி, கீழே தளரும்.

போய்விட்டால் பாராட்டுங்கள், அளவோடு. “நீயே வந்து சொன்ன பாரு, சமத்து” என்பது போதும். சுவரில் ஸ்டிக்கர் ஒட்டலாம். பெரிய பரிசு வேண்டாம், வராத நாளில் அது தண்டனையாகிவிடும்.

ஜட்டியில் போனால்

போகும். முதல் நாள் ஐந்தாறு தடவை, இரண்டாவது வாரம் ஒன்றிரண்டு தடவை. “உச்சா தரையில போயிடுச்சு. அடுத்த தடவை நாற்காலியில போலாம்” என்று சாதாரணக் குரலில் சொல்லி, துடைப்பதற்குக் குழந்தையையும் ஒரு துணி பிடிக்க வையுங்கள். அவ்வளவுதான்.

அடிக்க வேண்டாம். “கரண்டியைக் காய வச்சு சூடு போட்டுடுவேன்” என்று சும்மா மிரட்டவும் வேண்டாம். குழந்தைக்கு அது சும்மா என்று தெரியாது. சின்னக் குழந்தைகள் வீட்டில் அடிவாங்கிக் காயப்படுகிற சந்தர்ப்பங்களில் டாய்லெட் பழக்கமும் ஒன்று என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வேலைக்குப் போய்விட்டுக் களைத்து வந்த சாயங்காலம், துடைத்த தரையில் மறுபடி ஈரம். கோபம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. அந்த நிமிடம் குழந்தையைக் கணவரிடமோ அத்தையிடமோ கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள். கோபத்தோடு கழுவிவிடக் கூடாது.

இரண்டு வாரம் முயன்றும் தினமும் அழுகையும் போராட்டமும்தான் என்றால், டயாப்பருக்கே திரும்பிவிடுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி தொடங்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உச்சா சரி, ஆய் மட்டும் டயாப்பரில்தான் என்றால்

இது ரொம்பவே சாதாரணம். “டயாப்பர் போடு” என்று கேட்டு வாங்கி, மூலையில் போய் நின்று போவார்கள். தர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தால் அடக்குவார்கள், மறுபடி மலச்சிக்கல். அதனால் டயாப்பரைக் கொடுங்கள். இடத்தை மட்டும் மெல்ல மாற்றுங்கள். முதல் சில நாள், டயாப்பர் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள் நின்று போகட்டும். அது பழகியதும், டயாப்பரோடு நாற்காலியில் உட்கார்ந்து போகட்டும். அப்புறம் டயாப்பரின் அடியில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன ஓட்டை. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓட்டை பெரிதாகட்டும். கடைசியில் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை மட்டும்தான் இருக்கும். எங்கள் பையன் அந்தப் பட்டையை ஒரு வாரம் விடவில்லை. பிறகு ஒரு நாள் அவனே மறந்துவிட்டான்.

மலம் இளகியிருந்தால்தான் இந்த வழி வேலை செய்யும்.

வெளியே, ஊருக்கு, பள்ளிக்கு

திருச்சியிலிருந்து துறையூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பழக்கம் தொடங்கிய இரண்டாவது வாரமே போனோம். ஏறும் முன் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை கூட்டிப்போனேன். பையில் இரண்டு செட் உடை, ஒரு பாட்டில் தண்ணீர், ஈரத் துணியைப் போட ஒரு கவர், மடியில் விரிக்க ஒரு துண்டு. நீண்ட பயணத்துக்கு டயாப்பர் போட்டால் பாவம் ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுக்காமல் இருந்துவிடுவதுதான் தவறு.

ரயில் டாய்லெட்டின் ஆட்டமும் சத்தமும் குழந்தைக்குப் பயம். முன்னாலிருந்து தூக்காமல், உங்கள் நெஞ்சோடு அதன் முதுகு ஒட்டும்படி, தொடைகளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடியுங்கள். பிடிப்பு உறுதியாக இருந்தால் போய்விடும்.

எங்கள் மூத்தவளைச் சேர்க்கப் போன ஒரு பிளே ஸ்கூலில், டயாப்பர் விட்ட பிள்ளைகளைத்தான் சேர்ப்போம் என்று சொல்லி மூன்று வாரம் கெடு வைத்தார்கள். அந்த அவசரத்தில் நான் அவளைப் போட்டுப் படுத்தினேன். கடைசியில் வேறு இடம் பார்த்தோம். சேர்க்கும் முன்பே கேளுங்கள்: டாய்லெட் எங்கே, கூட்டிப்போகும் ஆயா யார், கதவு தாழ்ப்பாள் எப்படி, கழுவிவிடுவார்களா, ஜட்டியில் போனால் என்ன செய்வார்கள். டாய்லெட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அது அழுக்காக இருந்தால் குழந்தை மத்தியானம் வரை அடக்கும்.

பழகிய பிறகு திரும்பவும் ஜட்டியில்

தம்பி பிறந்தான், வீடு மாறினோம், பள்ளி தொடங்கியது. எல்லாம் சரியாக இருந்த குழந்தை மறுபடி ஈரம் செய்யும். கோபித்துக்கொள்ளாமல் பழைய நேரக் கணக்குக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். மலச்சிக்கல் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் தாகம் அதிகமாகி, தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்து, அடிக்கடி உச்சா போய், எடையும் குறைந்தால் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போய் ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு இப்படித்தான் முகம் காட்டும்.

இரவு வேறு கணக்கு

பகலில் பழகிய குழந்தை இரவில் நனைப்பதைப் பழக்கக் குறை என்று நினைக்காதீர்கள். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கிற வாசோப்ரசின் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்கவும், நிறைந்த பை தூக்கத்திலிருந்து எழுப்பவும் உடம்பு வளர வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. ஐந்து வயதில்கூட ஏறக்குறைய ஏழு குழந்தைகளில் ஒன்று படுக்கையை நனைக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். உங்கள் அத்தையிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், கணவர் எத்தனை வயது வரை நனைத்தார் என்று.

இரவு டயாப்பரைக் காலையில் தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் காய்ந்தே பார்த்தால் நிறுத்தலாம். ராத்திரி சாப்பாடும் பாலும் தூங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடியட்டும், ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் மறுக்காதீர்கள். ஐந்து வயதுக்குள் இதற்கு வைத்தியம் தேவைப்படுவதில்லை. உறவினர் முன்னால் “இன்னும் பாய நனைக்குறான்” என்று சொல்வதை மட்டும் வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டியவை

உச்சா போகும்போது அழுகை, காரணம் தெரியாத காய்ச்சல், சொட்டுச் சொட்டாக எப்போதும் கசிவது, பையனுக்குச் சிறுநீர் பீய்ச்சாமல் நூலாக வருவது. மலத்தில் ரத்தம், வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, வாந்தி. பிறந்த முதல் இரண்டு நாளுக்குள் மலம் போகாமல் இருந்த வரலாறு. நடையில் தடுமாற்றம். நான்கு வயதாகியும் பகலில் பழகவே இல்லை என்பதும் காட்ட வேண்டியதுதான். பையன்களின் நுனித்தோலைப் பலமாகப் பின்னுக்குத் தள்ளிக் கழுவாதீர்கள், அது தானாக விலக ஆண்டுக்கணக்கில் ஆகும்.

கடைசிப் படி: தானே கழுவிக்கொள்வது

“அம்மா, ஆய் போயிட்டேன், கழுவி விடு!” என்ற குரல் நான்கு, ஐந்து வயது வரை கேட்கும். அதற்குள் கை பின்னால் எட்டாது, அவசரப்படுத்த வேண்டாம். மூன்றரை வயதிலிருந்து குளிக்கும்போது விளையாட்டாகப் பழக்கலாம். குத்தவைத்து உட்காரச் சொல்லி, வலது கையில் சின்ன மக், இடது கை பின்னாலிருந்து. நீங்கள் முதலில் கொஞ்சம் கடலை மாவைத் தடவிவிட்டு, அது வழவழப்பு போய்ச் சுத்தமாகும்வரை கழுவச் சொல்லுங்கள். வாயால் எத்தனை தடவை சொன்னாலும் புரியாதது அந்த மாவில் புரிந்துவிடும். பெண் குழந்தைகளுக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான், மலம் முன்பக்கம் வந்தால் சிறுநீர்த் தொற்று வரும். ஹெல்த் ஃபாசட் இருக்கிற வீடுகளில் தண்ணீர் வேகத்தைப் பாதியாகக் குறைத்து வையுங்கள், முழு வேகம் குழந்தைக்கு வலிக்கும்.

முடிந்ததும் இரண்டு கையும் சோப்பு போட்டு, 20 எண்ணும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். வாஷ்பேசின் எட்டாது என்பதால் சீட்டுக்கு வாங்கிய அதே முக்காலியை அங்கே நகர்த்திப் போடுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது வாஷ்பேசின் அடியிலேயே கிடக்கிறது. சின்னவன் அதில் ஏறி நின்று, நுரையைக் கண்ணாடியில் பூசிக்கொண்டே இருபது வரை எண்ணுகிறான், பதினான்கை மட்டும் தினமும் விட்டுவிடுகிறான்.